ஐந்து நிமிடம் நாற்பது விநாடி

பல் கிளினிக்கின் வரவேற்பு மேசையில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறவளுக்குப் பேசத் தெரியாது என்று யாராவது சொன்னால், அங்கே வந்துபோன நோயாளிகள் அத்தனை பேரும் வீங்கின கன்னத்தைப் பிடித்துக்கொண்டாவது சிரிப்பார்கள். 'இன்னும் எவ்வளவு நேரம்' என்று வாய் திறக்க முடியாமல் கண்ணாலேயே கேட்கிறவரிடம் "இதோ, அஞ்சே நிமிஷம்" என்று சொல்லியே ஒன்றரை மணி நேரத்தை ஓட்டிவிடுவாள். வேர் சிகிச்சைக்கு உள்ளே போகிறவரிடம் "எறும்பு கடிச்ச மாதிரிதாங்க இருக்கும்" என்பாள். திரும்பி வரும்போது, அது எந்த ஊர் எறும்பு என்று கேட்கிற நிலையில் அவர் இருக்கமாட்டார். கேட்கிறவர் மனம் கோணாமல் கூசாமல் பொய் சொல்வது ஒரு தொழில். அதில் அவள் கைதேர்ந்தவள்.

அப்படிப்பட்டவள், தான் எடுத்த சினிமாவைப் பற்றி நாலு பேர் முன்னால் பேச நின்றபோது திருதிருவென்று விழித்தாள்.

சினிமாதான். அவளை யாரும் எடுக்கச் சொல்லவில்லை. எடுக்காவிட்டால் உலகத்துக்கு ஒரு குறையும் வந்திருக்காது என்பதை அவளுடைய பல் டாக்டர் உட்படப் பலரும் எடுத்துச் சொல்லியிருந்தார்கள். ஆனாலும் நாலு வருட ஞாயிற்றுக்கிழமைகளைக் கொட்டி எடுத்தே விட்டாள். கதாநாயகன் அவளுடைய சொந்த அண்ணன், ஏசி மெக்கானிக். அவரைத் தேர்ந்தெடுத்ததற்குக் கலைரீதியான காரணம் ஒன்றே ஒன்றுதான்: ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இருந்தார். ஒளிப்பதிவு உதவி, சாப்பாட்டு இலாகா, சட்டம் ஒழுங்கு மூன்றும் அண்ணி. ஒரு கையால் தெர்மாகோல் பலகையைப் பிடித்துப் புருஷன் முகத்துக்கு வெளிச்சத்தைத் திருப்பிவிட்டபடியே, வேடிக்கை பார்க்க வந்த தெருவை இன்னொரு கையால் விரட்டுவார்.

படத்தின் கதையைச் சொல்ல அரை மூச்சு போதும். ஒருவர் மருத்துவமனை பெஞ்சில் உட்கார்ந்து யாருக்காகவோ காத்திருக்கிறார். எண்பத்து மூன்று நிமிடமும் காத்திருக்கிறார். பெயர், 'பார்வையாளர் நேரம் முடிந்தது'. போஸ்டரைப் படித்துவிட்டு, ஐயோ தாமதமாகிவிட்டது என்று வாசலோடு திரும்பிப்போன இரண்டு பேர் உண்டு. எடிட்டிங் முழுவதையும் கிளினிக் கம்ப்யூட்டரிலேயே, டோக்கன் பட்டியலுக்குப் பின்னால் ஒளித்து வைத்துச் செய்து முடித்தாள். முதலில் போட்டுக் காட்டியது பல் டாக்டருக்கு. அவர் கடைசிவரை பொறுமையாகப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒருத்தரும் வாயைத் திறக்கவே மாட்டேங்கறாங்களே" என்று வருத்தப்பட்டார்.

முதல் திரையிடல் ஒரு நூலகத்தின் மாடியில். ஏற்பாடு செய்தவர் திரைப்படச் சங்கத்தின் செயலாளர். எப்போதும் மூக்கில் ஒரு கண்ணாடியும் நெற்றியில் ஒரு கண்ணாடியுமாக இருப்பார். கலையை எதால் பார்ப்பார், மனிதர்களை எதால் பார்ப்பார் என்பது கடைசிவரை பிடிபடவில்லை. இருபத்து மூன்று பேர் வந்திருந்தார்கள். படம் முடிந்து விளக்குப் போட்டதும், இயக்குநருடன் கலந்துரையாடல் என்றார் செயலாளர்.

முதல் ஆள் எழுந்தார். "அந்தச் சுவர் முழுக்க அப்படி ஒரு நீலம். அது தனிமையோட நிறம்னு எடுத்துக்கலாமா?"

"இல்லங்க. எங்க அண்ணனோட ஒர்க்‌ஷாப்புல அந்த பெயிண்ட்தான் மிச்சம் இருந்துச்சு."

இரண்டாவதாக ஓர் அம்மா. "பாதிப் படத்துல அவர் செருப்பு மாறுது. அவருக்குள்ள நடக்கற மாற்றத்த அப்படிச் சொல்றீங்க, இல்லையா?"

"அறுந்துபோச்சுங்க."

"அப்ப அந்த நாய்? குறுக்க போகுதே, ரொம்ப நிதானமா..."

"அது யாரு வீட்டு நாயுன்னு எனக்கும் தெரியலங்க."

இருபத்து மூன்று முகங்களும் ஒவ்வொன்றாகத் தொங்கின. எண்பத்து மூன்று நிமிடம் கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்ததையெல்லாம் இவள் இப்படிப் பிடுங்கிப் பிடுங்கிக் குப்பையில் போடுகிறாளே என்ற கோபம் அவர்களுக்கு. நியாயமான கோபம்தான். கூட்டம் பத்தே நிமிடத்தில் கலைந்தது. மாடிப்படியில் செயலாளர் அவளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"என்னம்மா இது, பட்டுப் பட்டுனு உண்மைய சொல்லிட்டு நிக்கறீங்க?"

"கேட்டாங்களே சார்."

"அவங்க உண்மையவா கேட்டாங்க? பதில் கேட்டாங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாம படம் எடுக்க வந்துட்டீங்க."

அன்றிலிருந்து அவளுக்குப் பாடம் ஆரம்பமானது. வாரம் ஒருநாள் கிளினிக் மூடியதும் அவர் வருவார். நோயாளிகளுக்கான நாற்காலியில் உட்கார்ந்து ரசிகராக மாறிக் கேள்வி கேட்பார். எந்தக் கேள்வியானாலும் முதலில் கண்ணை மூடி மூன்று விநாடி இருக்க வேண்டும். பிறகு "இத இதுவரைக்கும் யாருமே கேக்கல" என்று தொடங்க வேண்டும். தெரியாது என்ற சொல் வாயில் வரவே கூடாது; தெரியாவிட்டால் "அத நான் பார்வையாளர்கிட்டயே விட்டுடறேன்". நாயை 'தற்செயலின் வருகை' என்று சொல்ல வேண்டும். கேள்வி கேட்க எழுந்து சொந்தக் கதையைச் சொல்கிறவர் ஊருக்கு ஒருவர் உண்டு; அவர் முடிக்கும்வரை தலையை மேலும் கீழும் ஆட்டிவிட்டு, "நீங்க சொன்னதுதான் படம்" என்று சொல்லிவிட வேண்டும். மனிதர் அதோடு ஆயுள் சந்தா கட்டிவிடுவார்.

அவள் கெட்டிக்காரி, சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். நோயாளிகளிடம் சொல்லும் பொய்க்கும் இதற்கும் பெரிய தூரமில்லை என்பது புரிந்ததும் நாக்கு தானாக அவிழ்ந்துகொண்டது. சிரமம் ஒரே ஒரு காட்சியில்தான் வந்தது.

படத்தின் அறுபதாவது நிமிடத்தில் அது வரும். ஒரே ஷாட். மருத்துவமனைக் காரிடார், பெஞ்ச், பெஞ்சில் அண்ணன். அவர் ஒன்றும் செய்வதில்லை. ஒரு கை இன்னொரு கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நடுவில் ஒருமுறை பக்கத்து இடத்தை உள்ளங்கையால் துடைக்கிறார், யாரோ வந்து உட்காரப்போகிற மாதிரி. கடைசியில் கதவு திறக்கும் சத்தம். எழுந்திருக்கிறார். கதவுப் பக்கம் இரண்டு அடி வைப்பதற்குள் ஷாட் முடிந்துவிடுகிறது. ஐந்து நிமிடம் நாற்பது விநாடி. படத்தின் மற்ற இடங்களிலெல்லாம் அண்ணன் நடிக்கிறார் என்பது கண் தெரியாதவருக்குக்கூடத் தெரிந்துவிடும். இந்த ஐந்தே முக்காலில் மட்டும் தெரியாது.

தெரியாது, ஏனென்றால் அவர் நடிக்கவில்லை. அந்தப் பெரிய மருத்துவமனையில் படம் பிடிக்க அவள் மூன்று முறை எழுதிக் கேட்டு, மூன்று முறையும் முடியாது என்றுவிட்டார்கள். அதனால்தான் ஒர்க்‌ஷாப் சுவருக்கு நீலம் அடித்து, ஒரு பெஞ்சைப் போட்டு, இதுதான் மருத்துவமனை என்று தங்களையே நம்பவைத்துக்கொண்டிருந்தார்கள். படம் ஆரம்பித்த மூன்றாவது வருடம் ஒரு வேலைநாளில் அண்ணி சமையலறையில் விழுந்தார். மூளையில் ரத்தக்கசிவு. அதே மருத்துவமனையில் அறுவை சிகிச்சை. கூட இருக்க இரண்டு பேருக்குப் பாஸ் கொடுத்தார்கள். அண்ணனுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று. தங்கை பையில் ஃபிளாஸ்க்கும் துண்டும் எடுத்து வைத்தாள். கேமராவையும் எடுத்து வைத்தாள். எதிர் நாற்காலியில் ஃபிளாஸ்க்கைப் படுக்கவைத்து, அது உருளாமல் துண்டை மடித்துச் சுற்றி, அதன்மேல் கேமராவை வைத்துப் பொத்தானை அழுத்தினாள். அண்ணன் கவனிக்கவில்லை. அன்று அவருக்கு எதிரில் யானை வந்து நின்றிருந்தாலும் கவனித்திருக்கமாட்டார். கதவு திறந்து டாக்டர் இவளைப் பார்த்துக் கூப்பிட்டதும் பொத்தானை அழுத்தி நிறுத்தினாள். ஷாட் அந்த இடத்தில் முடிவதற்கு அதுதான் காரணம். அண்ணி பிழைக்கவில்லை.

ஒரு வருடம் அதைப் போட்டுப் பார்க்கவில்லை. பிறகு பார்த்தாள். பிறகு படத்தில் சேர்த்தாள். அண்ணனிடம் சொல்லவில்லை, மறந்துபோய்ச் சொல்லாமல் விடவில்லை, பயந்துபோய்ச் சொல்லாமல் விட்டாள்.

இரண்டாவது திரையிடலிலேயே கேள்வி வந்துவிட்டது. தாடி வைத்த இளைஞன் ஒருவன் எழுந்து, குரல் தழுதழுக்க, "நடிப்புப் பயிற்சியே இல்லாத ஒருத்தர அந்த அஞ்சு நிமிஷம் எப்படிங்க அப்படி உக்கார வெச்சீங்க?" என்று கேட்டான். அவள் பாடத்தின்படி கண்ணை மூடினாள். மூடிய கண்ணுக்குள் அந்தக் காரிடார் வந்தது, உடனே திறந்துவிட்டாள். ஊசிக்குப் பயப்படும் நோயாளிகளிடம் தான் வழக்கமாகச் சொல்கிற ஒன்று வாயில் வந்து விழுந்தது.

"எண்ணச் சொன்னேன். முந்நூறுலேருந்து பின்னோக்கி, மனசுக்குள்ள."

கூட்டம் 'ஆ' என்று மூச்சை உள்ளே இழுத்தது. நாலு பேர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். செயலாளர் இரண்டு கண்ணாடிகளையும் ஒரே நேரத்தில் கழற்றித் துடைத்தார்.

அந்தப் பொய்க்குக் கைகால் முளைத்தது. மூன்றாவது திரையிடலில் கணக்கில் புலியான ஒருவர், முந்நூறு என்றால் ஐந்து நிமிடம்தானே, மிச்ச நாற்பது விநாடி அவர் என்ன எண்ணினார் என்று கேட்டார். நாலாவதிலிருந்து அது முந்நூற்று நாற்பது ஆனது. ஐந்தாவதில் ஒருத்தி, அவர் பக்கத்து இடத்தைத் துடைக்கிறாரே, அது தானாக வந்ததா என்றாள். "இல்ல. நூத்தி எழுபதுக்கு வந்ததும் தொடைக்கச் சொல்லியிருந்தேன்" என்றாள் இவள். சொல்லி முடித்ததும் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. அண்ணன் அந்த இடத்தை யாருக்காகத் துடைத்தார் என்பது அவளுக்குத் தெரியும். வீட்டில் சோபாவின் அந்தப் பக்கத்தைக்கூட அவர் இன்னும் காலியாகத்தான் விட்டிருக்கிறார். ஆனால் கைதட்டினார்கள். கைதட்டல் கேட்டால் வெட்கம் கொஞ்சம் அடங்கிவிடுகிறது, அதுதான் அதில் இருக்கும் கேடு.

பிறகு என்ன, தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆட ஆரம்பித்தார்கள். 'எண் முறை' என்று அதற்குப் பெயர்கூட வைத்தார்கள். ஒரு நடிப்புப் பயிற்சிப் பள்ளியில் அவளை அழைத்து வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். பன்னிரண்டு மாணவர்கள் பெஞ்சுகளில் வரிசையாக உட்கார்ந்து முந்நூற்று நாற்பதிலிருந்து இறங்கினார்கள். முதலில் பூஜ்யத்துக்கு வந்துசேர்ந்த பையன் கையைத் தூக்கி, "மேடம், இப்ப அழணுமா?" என்று கேட்டான். அத அவங்கவங்க முடிவுக்கே விட்டுடறேன் என்றாள் மேடம்.

இவ்வளவும் நடக்கையில் கதாநாயகர் படத்தைப் பார்த்திருக்கவில்லை. பாட்டு இல்லை, சண்டை இல்லை, போதாக்குறைக்குத் தானே நடித்தது. "என் மூஞ்சிய வீட்டுக் கண்ணாடியிலயே பாத்துக்கறேன் பாப்பா" என்று ஒதுங்கிவிட்டார். நாற்பத்திரண்டு வயதிலும் அவருக்கு இவள் பாப்பாதான். வற்புறுத்த வேண்டியவள் வற்புறுத்தவில்லை. திரையிடல் தேதியைக் கேட்டால் பூசி மெழுகினாள். வெயில் காலத்தில் ஏசிக்காரருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது என்று பார்த்துப் பார்த்து வெயில் காலத்திலேயே தேதிகளை வாங்கினாள்.

அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் அவளைக் கவிழ்த்தது.

பதினாலாவது திரையிடல் பெரிய அரங்கில், ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு. தொண்ணூறு பேர். விளக்கை அணைக்க இருந்த நேரத்தில் அரங்கின் ஏசி ஒரு முக்கல் முக்கிவிட்டு நின்றது. ஐந்து நிமிடத்தில் தொண்ணூறு பேரும் பட விமர்சனம் அச்சடித்த தாளை விசிறியாக்கிக்கொண்டார்கள்; அந்த விமர்சனத்தால் ஒரு பயன் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது. செயலாளருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "யாராவது ஏசி ஆள் தெரியுமா?" என்று கத்தினார்.

ஏசி நின்றால் அவள் யோசிப்பதில்லை. கிளினிக்கில் பத்தொன்பது வருடமாக ஏசி நின்றதும் அவள் விரல் போகிற எண் ஒன்றுதான். விரல் போய்விட்டது. அந்தப் பக்கம் எடுத்தும் விட்டார்கள்.

"அண்ணா, ஏசி நின்னுபோச்சு. சீக்கிரம் வா."

"ஞாயித்துக்கிழமையுமா கிளினிக்கு?"

அப்போதுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். "இல்ல... இங்க ஒரு ஹால். பரவால்லண்ணா, நீ வேலையா இருப்ப. வேற யாரையாவது..."

"ஹாலா? உன் படமா போடறாங்க?" அண்ணன் குரலில் சந்தோஷம் வந்துவிட்டது. "என் தங்கச்சி படத்துக்கு வேற எவனோ வந்து ஏசி பாப்பானா? எங்கன்னு சொல்லு."

இருபது நிமிடத்தில் கருவிப் பையோடு வந்துவிட்டார். "கெப்பாசிட்டர் போயிருக்கு" என்று பத்து நிமிடத்தில் மாற்றினார். குளிர்காற்று வந்ததும் தொண்ணூறு பேரும் கைதட்டினார்கள். கலைக்காக இல்லாமல் அந்த அரங்கில் எழுந்த முதல் உண்மையான கைதட்டல் அதுதான்.

"சரிண்ணா, நீ கிளம்பு. உனக்கு வேற வேலை இருக்கும்" என்று வாசல்வரை அவரைத் தள்ளாத குறையாக நகர்த்தினாள்.

"அரை மணி நேரம் ஓட விட்டுப் பாக்கணும். மறுபடி நின்னா யாரு வந்து பாக்கறது?" அவர் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து பையைக் காலடியில் வைத்துக்கொண்டார். "ஓசியில என் மூஞ்சியும் பாத்த மாதிரி ஆச்சு."

அரை மணிதானே. அந்தக் காட்சி அறுபதாவது நிமிடத்தில்தானே. அவள் பக்கவாட்டுச் சுவரில் சாய்ந்து நின்று, படத்தைப் பார்க்காமல் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தாவது நிமிடத்தில் தன் நடையைத் தானே பார்த்துச் சிரித்தார். இருபதாவது நிமிடத்தில் பக்கத்தில் இருந்தவரிடம், அது என் செருப்புதாங்க என்று சொன்னார். முப்பது ஆனது. அவள் ஜாடையாக ஏசியைக் காட்டி, போதும், போ என்றாள். அவர் கையை உயர்த்தி, இரு, நல்லாத்தான் இருக்கு என்று ஜாடை காட்டினார். நாற்பது, ஐம்பது என்று ஓடியது. வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் படம் இவ்வளவு விறுவிறுப்பாக இருக்கிறதே என்று அவளுக்கு அழுகை வந்தது.

காரிடார் வந்தது.

அண்ணன் முதலில் ஒன்றும் புரியாமல் பார்த்தார். பிறகு திரையில், அன்று தான் போட்டிருந்த சட்டையைப் பார்த்திருக்க வேண்டும். முன் நாற்காலியின் முதுகைப் பிடித்தார். ஐந்து நிமிடம் நாற்பது விநாடியும் அந்தப் பிடியை விடவில்லை. எழுந்து போய்விடுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். போயிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் போகவில்லை, படம் முடிகிறவரை இருந்தார்.

விளக்குப் போட்டார்கள். மேடையில் நாற்காலி, மைக், தண்ணீர் பாட்டில். முதல் கேள்வியே பயிற்சிப் பள்ளி மாணவன் ஒருவனிடமிருந்து. "மேடம், அந்த முந்நூத்து நாப்பது எண்ணின முறைய இவங்களுக்கும் கொஞ்சம் சொல்லுங்களேன்." அவள் வாயைத் திறப்பதற்குள் செயலாளர் குதித்தார். "அவங்க எதுக்கு? எண்ணினவரே இங்க இருக்கார்! ஏசி ரிப்பேர் பண்ண வந்தப்பவே எங்கயோ பாத்த முகமா இருக்கேன்னு நினைச்சேன்." மைக் கடைசி வரிசைக்கு ஓடியது. தொண்ணூறு தலைகள் திரும்பின.

"சொல்லுங்க சார்," என்றான் மாணவன். "எண்ணும்போது உங்க மனசுல என்ன ஓடிட்டிருந்துச்சு?"

அண்ணனுக்கு எண்ணும் தெரியாது, முறையும் தெரியாது. மைக்கை வாங்கிக்கொண்டு மேடையைப் பார்த்தார். தங்கையின் முகத்தைப் பார்த்ததும் என்ன நடந்திருக்கும் என்று அவருக்கு விளங்கிவிட்டது. சின்ன வயதில் அவள் எதையாவது உடைத்துவிட்டு நிற்கும்போது இருக்கும் அதே முகம்.

"ஆமாங்க," என்றார். "எண்ணச் சொன்னா. எண்ணினேன்."

"முழுசா எண்ணி முடிச்சீங்களா சார்?"

"இல்லங்க. அதுக்குள்ள டாக்டர் கூப்பிட்டுட்டாரு."

அரங்கம் சிரித்தது. என்ன ஒரு மனிதர், இன்னமும் பாத்திரத்திலிருந்து வெளியே வரவில்லை என்று யாரோ வியந்தார்கள். கைதட்டல் எழுந்தது. அவள் தப்பித்துவிட்டாள். கண்ணை மூன்று விநாடி மூடித் திறந்து நன்றி சொன்னால் போதும். அண்ணன் எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டு கருவிப் பையோடு கிளம்பிவிடுவார், அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசமாட்டார். அது தெரிந்ததால்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"அவர் எனக்காகப் பொய் சொல்றார்," என்றாள் மைக்கில். "எண்ணவும் இல்ல, எதுவும் இல்ல. அன்னைக்கு எங்க அண்ணிக்கு உள்ள ஆபரேஷன் நடந்துட்டிருந்துச்சு. நான் அவருக்குத் தெரியாம எடுத்தேன். அந்த ஆஸ்பத்திரியில ஷூட்டிங்குக்கு அனுமதி தரல, அன்னைக்கு எங்களுக்கு பாஸ் இருந்துச்சு. அதனாலதான் கேமராவ எடுத்துட்டுப் போனேன். அண்ணி அன்னைக்கே போயிட்டாங்க."

மடிகளில் சலசலத்துக்கொண்டிருந்த தாள்கள் நின்றன. குறிப்பேட்டுக்காரர்கள் பேனாவை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். செயலாளர் மட்டும் அசரவில்லை. "பாத்தீங்களா, உண்மைக்கும் புனைவுக்கும் நடுவுல இருக்கற அந்த மெல்லிய கோட்ட இயக்குநர் எப்படி..."

"சார், சித்த நேரம் சும்மா இருக்கீங்களா?" என்றாள் அவள்.

அண்ணன் மைக்கைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார். அவளும் மேடையிலிருந்து இறங்கி ஓடினாள். வாசலில் வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் கருவிப் பையை நீட்டினார். அதை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறிக்கொண்டாள். வெயில் இன்னும் இறங்கவில்லை. மூன்று சிக்னலைத் தாண்டினார்கள். நாலாவதில் சிவப்பு விழுந்தது.

"நாலு வருஷம் எடுத்தியே பாப்பா. அவ எங்கயாச்சும் வர்றாளா அதுல?"

அவளுக்கு மூன்று விநாடி தேவைப்படவில்லை. நாலு வருடக் காட்சிகள் ஒவ்வொன்றும் அவளுக்கு மனப்பாடம். அண்ணி எப்போதும் கேமராவுக்கு இந்தப் பக்கம்தான் நின்றார். ஒருமுறைகூட அவரை அந்தப் பக்கம் போய் நிற்கச் சொல்ல இவளுக்குத் தோன்றவில்லை.

"இல்லண்ணா. ஒரு இடத்துலயும் இல்ல."

"ம்." பச்சை விழுந்தும் அவர் வண்டியை எடுக்கவில்லை, பின்னால் ஹாரன் அடித்தார்கள். "நீ ஊர் ஊரா அதப் போடறப்பல்லாம் நான் அந்த பெஞ்சுல போய் உக்காந்துக்கறேன். கதவு திறக்குது. நான் எழுந்திருக்கறேன். அவகிட்ட போறதுக்குள்ள நீ நிறுத்திடற. மறுபடி அடுத்த ஊர்ல உக்காத்தி வெக்கற. என்னால முடியல பாப்பா. என்னை அங்கேருந்து எழுப்பி விட்டுடு."

அவள் கருவிப் பையைக் கட்டிக்கொண்டு, சரிண்ணா என்றாள்.

மறுநாளே கிளினிக் கம்ப்யூட்டரில், டோக்கன் பட்டியலுக்குப் பின்னால், அந்த ஷாட்டை வெட்டி எடுத்தாள். படம் எழுபத்தேழு நிமிடம் சொச்சமாகச் சுருங்கியது. செயலாளருக்கு விஷயம் தெரிந்தபோது, படத்தின் இதயத்தையே பிடுங்கிவிட்டீர்களே என்று நெற்றிக் கண்ணாடி நழுவி விழும் அளவுக்குக் கத்தினார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. பயிற்சிப் பள்ளி அழைக்கவில்லை. பெரிய அரங்கங்கள் அழைக்கவில்லை. ஷாட் போன பிறகு மிச்சம் இருந்தது என்னவென்று அவளுக்கும் தெரியும்: நீலச் சுவர், ஒரு பெஞ்ச், நடிக்கத் தெரியாத ஓர் ஏசி மெக்கானிக், குறுக்கே போகும் நாய்.

ஏழு மாதம் கழித்து ஒரு தொழிற்சங்க அலுவலகத்தின் கூட்ட அறையில், வேறு படம் வராததால், இதைப் போட்டார்கள். பதினொரு பேர். அதில் மூன்று பேர் கூட்டம் என்று நினைத்து வந்தவர்கள். படம் முடிந்ததும் அவளே விளக்கைப் போட்டு, நாற்காலியை இழுத்து அவர்களுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தாள். நீலத்தைப் பற்றிக் கேட்டார்கள். மிச்சமிருந்த பெயிண்ட் என்றாள். நாயைப் பற்றிக் கேட்டார்கள், தெரியாது என்றாள். சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

பின்னால் இருந்த ஒரு வயதான தட்டச்சர் தயங்கித் தயங்கி எழுந்தார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. எனக்கு சினிமாவெல்லாம் அவ்வளவா புரியாது. ஆனா நடுவுல என்னமோ ஒண்ணு குறையற மாதிரி இருக்கு."

"ஆமாங்க, குறையுது," என்றாள். "எங்க அண்ணி. உக்காருங்க, சொல்றேன்."